குதிரை அறுத்த நூல்

ஒளிப்படக் கலையின் தொடக்கக் காலத்தில் இயக்கத்திற்குப் படத்தில் இடமிருக்கவில்லை. 1838இல் தாகேர் எடுத்த பாரிஸ் வீதிப் படத்தில் வண்டிகளும் இல்லை, நடப்போரும் இல்லை. அசையாது நின்று காலணிக்கு மெருகேற்றிக்கொண்ட ஒருவரும் மெருகேற்றியவருமே பதிந்தனர். மற்றவர்கள் வந்து சென்ற சுவடே இல்லை. பின்னர் வேதிப்பொருள்கள் மேம்பட்டபோதும், லென்ஸின் மூடியைக் கையால் அகற்றி மீண்டும் மூடும் வழக்கமே பெரிதும் நீடித்தது. ஓடும் குதிரைக்குக் கையின் வேகம் போதாது.

கலிஃபோர்னியாவின் முன்னாள் ஆளுநரும் ரயில்வே அதிபருமான லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு 1872இல் எட்வர்ட் மைபிரிட்ஜை அணுகியது இதன் பொருட்டே. குதிரையின் நான்கு கால்களும் ஒரே கணத்தில் நிலத்தை விட்டு எழுகின்றனவா என்பது கேள்வி. பெருந்தொகைப் பந்தயம் ஒன்றே இதற்குக் காரணம் என்று இன்றும் சொல்லப்படுகிறது. அதற்கு உறுதியான சான்று இல்லை.

விடை 1878 ஜூனில் பாலோ ஆல்டோவில் கிடைத்தது. ஓடுபாதையோரம் 27 அங்குல இடைவெளியில் 12 கேமராக்கள் நிறுத்தப்பட்டன. எதிர்ப்புறம் வெண்ணிறப் பின்னணி. பாதையின் குறுக்கே கட்டிய நூல்களை ஸாலி கார்ட்னர் என்னும் குதிரை ஒவ்வொன்றாக அறுத்தோட, மின்விசையால் ஷட்டர்கள் இயங்கின. ஒவ்வொரு படத்திற்கும் ஒளி புகுந்த நேரம் நொடியில் 2000இல் ஒரு பங்கிற்கும் குறைவு என மைபிரிட்ஜ் அறிவித்தார். மைலை 100 நொடியில் கடக்கும் குதிரை அந்நேரத்தில் நகர்வது சுமார் 8 மில்லிமீட்டர். 25இல் ஒரு பங்கு நொடி எனில் 64 சென்டிமீட்டர். இந்த வேறுபாடே முழுச் சோதனையின் சாரம். அதற்கான விலையும் உண்டு: ஒளி போதாமையால் குதிரை ஏறத்தாழக் கரிய நிழலுருவாகவே பதிந்தது.

கால்கள் நிலத்தை விட்டு எழுந்தது உண்மை. ஆனால் ஜெரிக்கோ 1821இல் தீட்டிய எப்ஸம் பந்தய ஓவியத்தில் போல முன்னும் பின்னும் நீண்ட நிலையில் அன்று. வயிற்றுக்கடியில் ஒடுங்கிய நிலையில்.

இனி எழுவது உரிமைச் சிக்கல். செலவு ஸ்டான்ஃபோர்டுடையது. மின் அமைப்பில் அவருடைய ரயில்வே பொறியாளர் ஜான் ஐசக்ஸின் பங்கு உண்டு. ஷட்டரைத் திறந்ததோ குதிரை. எனில் படம் யாருடையது? 1882இல் ஸ்டான்ஃபோர்டின் ஆதரவில் ஸ்டில்மன் எழுதிய 'தி ஹார்ஸ் இன் மோஷன்' நூலின் முகப்பில் மைபிரிட்ஜின் பெயரே இல்லை. படங்கள் பெரும்பாலும் கோட்டோவியங்களாக மாற்றப்பட்டிருந்தன. அவருடைய கட்டுரையை ஏற்க முன்வந்திருந்த லண்டன் ராயல் சொசைட்டி, அந்நூலைக் கண்டு பின்வாங்கியது. அவர் தொடுத்த வழக்கும் தள்ளுபடியாயிற்று. கருவியைத் தானே இயங்கச் செய்தவர், அதன் காரணமாகவே வெறும் ஊழியராகக் கருதப்பட்டார் எனலாம். 1887இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆதரவில் 781 படத்தகடுகளுடன் வெளிவந்த 'அனிமல் லோகோமோஷன்' அவர் பெயரையே தாங்கியிருந்தது.