அளவுப் பெயரும் 'கள்' ஈறும்

சென்னைப் பெருங்குடியின் குப்பைக் கிடங்கு 225 ஏக்கர்ப் பரப்பினது என்று கூறக் கேட்கின்றோம். 'ஏக்கர்கள்' என்பாரைக் கண்டிலோம். ஆயினும் மொழிபெயர்ப்பு நூல்களில் 'பத்துக் கிலோமீட்டர்கள்' என்னும் வழக்குப் பெருகி வருகின்றது. இது தமிழ் மரபாகுமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தொல்காப்பியர் பெயரியலில், அஃறிணை இயற்பெயர் 'கள்' ஈற்றைக் கொள்ளுமிடமும் உண்டு என்றாரேயன்றி, எங்கும் கொள்ளும் என்றாரல்லர். முன்னின்ற எண்ணே பன்மையை உணர்த்திவிட்ட பின் ஈறு மிகையாகும். கல்வெட்டுகள் இதற்குத் தக்க சான்று. முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு அளித்த பொற்கலங்கள் 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுக்கப்பெற்றன. ஆங்கு எத்துணைப் பேரெண் முன்வரினும் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்பன தம் வடிவு திரியாமலே நிற்கின்றன. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மெட்ரிக் அளவைகள் புகுந்தபோதும், இலக்கணம் கல்லாத கடைக்காரர் 'இரண்டு கிலோ' என்றே நிறுத்தார். அனைத்துலக அலகு முறையும் அலகுக் குறியீடுகள் பன்மையில் மாறா என விதித்திருத்தல் நோக்கத்தக்கது.

எழுத்துச் சுருக்கப் பெயர்களின் நிலை சற்று வேறு. எழுத்து வழக்கில் 'நான்கு எம்.எல்.ஏ.க்கள்' என்றே வருகின்றது, 'நான்கு ஏ.டி.எம்.' என்பதோ குறைவின்றி நிற்கின்றது. ஆங்கில எழுத்துகளாற் புனைந்த சொல்லையும் திணையே ஆள்கின்றது போலும். எனினும் 'ஏ.டி.எம்.கள்' பிழையன்று, எண்ணின்றித் தனித்து வருமிடத்து அவ்வீறு வேண்டற்பாலதே.