தோள்பட்டை அறுவை சிகிச்சையும் மூன்று சுழற்பந்து வீச்சாளர்களும்

டெஸ்ட் கிரிக்கெட்டில் மிக அதிக விக்கெட் எடுத்த சுழற்பந்து வீச்சாளர்கள் மூவர்: இலங்கையின் முத்தையா முரளிதரன் (800), ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்ன் (708), இந்தியாவின் அனில் கும்ப்ளே (619). 1998 முதல் 2004 வரையிலான ஆண்டுகளில் இந்த மூவருக்குமே தோள்பட்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. திரும்பி வந்த பிறகு பழைய ஆட்டத்திறனை எட்ட அவர்களுக்குப் பிடித்த காலம் ஒரே அளவாக இல்லை.

சுழற்பந்துக்கு விரலும் மணிக்கட்டும் போதும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. பந்தைச் சுழற்றுபவை அவைதாம். ஆனால் அந்தப் பந்துக்கு வேகத்தையும் துள்ளலையும் கொடுப்பது தோள். ஒரு இன்னிங்ஸில் 50 ஓவர் வீசினால் கை 300 முறை தலைக்கு மேல் சுழல்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி வீசும்போது தோள் மூட்டைத் தாங்கும் தசைநார்கள் நைந்துபோகின்றன. அறுவை சிகிச்சை செய்து சரிப்படுத்தினாலும், அந்தத் தோளை நம்பி முழு வேகத்தில் கையைச் சுழற்ற மாதங்கள் ஆகும்.

வார்ன் 300 டெஸ்ட் விக்கெட்டைத் தாண்டியிருந்த நிலையில் 1998 மே மாதம் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 1999 ஜனவரியில் சிட்னி டெஸ்டில் அவர் மீண்டும் களமிறங்கியபோது, அதே ஆட்டத்தில் 12 விக்கெட் எடுத்தவர் இன்னொரு லெக் ஸ்பின்னரான ஸ்டூவர்ட் மெக்கில். அடுத்து மேற்கிந்தியத் தீவுகளில் ஆடிய 3 டெஸ்டுகளில் வார்னுக்குக் கிடைத்தவை 2 விக்கெட்டுகள்தாம். துணைக் கேப்டனாக இருந்தும் ஆன்டிகுவா டெஸ்டில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. அந்த ஜூனில் உலகக் கோப்பை அரையிறுதியில், லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து திரும்பிய பந்தில் தென்னாப்பிரிக்காவின் ஹெர்ஷல் கிப்ஸின் ஸ்டம்பைச் சாய்த்தார். அந்த ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் தலா 4 விக்கெட் எடுத்தார். ஆனால் தரையில் பட்டுத் தாழ்வாகச் சறுக்கிச் செல்லும் அவருடைய பழைய ஃப்ளிப்பர் முழுமையாகத் திரும்பவில்லை. அந்தக் குறையை அளவிலும் திசையிலும் கொண்ட கட்டுப்பாட்டால் ஈடுகட்டினார்.

கும்ப்ளேயின் பலமே வேகமான லெக் ஸ்பின். அதனால் தோள் காயம் அவருடைய அடிப்படையையே தொட்டது. தென்னாப்பிரிக்காவில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவர், 2001-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான புகழ்பெற்ற தொடரில் ஆட முடியவில்லை. அதில் ஹர்பஜன் சிங் 32 விக்கெட் எடுத்து முதன்மைச் சுழற்பந்து வீச்சாளர் ஆனார். திரும்பிவந்த கும்ப்ளே அந்த டிசம்பரிலேயே, சொந்த ஊரான பெங்களூரில் 300-ஆவது விக்கெட்டை எட்டினார். இருந்தும் அணியில் அவருடைய இடம் உறுதியாக இல்லை. 2003-04 ஆஸ்திரேலியப் பயணத்தில் முதல் டெஸ்டில் அவர் சேர்க்கப்படவில்லை. ஹர்பஜன் விரல் காயத்தால் விலகியதும் வாய்ப்பு வந்தது. வேகத்தைக் கூட்டிக் குறைத்து, மெதுவான கூக்ளியையும் கலந்து வீசி, மீதி 3 டெஸ்டுகளில் 24 விக்கெட் எடுத்தார். அவற்றில் 12 சிட்னியில் மட்டும் விழுந்தவை.

2004 அக்டோபரில் சென்னை சேப்பாக்கத்தில் நடந்த இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்டில் இந்த மூவரின் கதைகளும் ஒன்றுசேர்ந்தன. கும்ப்ளே 48 ரன்னுக்கு 7, 133 ரன்னுக்கு 6 என 13 விக்கெட் எடுத்தார். மறுபக்கம் வார்ன், இர்ஃபான் பதானை வீழ்த்தி, முரளிதரனின் 532 விக்கெட் சாதனையைத் தாண்டினார். கடைசி நாள் மழையால் ஆட்டம் டிராவில் முடிந்தது. அந்த ஆகஸ்டில் தோள் அறுவை சிகிச்சை செய்துகொண்ட முரளிதரன் அப்போது ஓய்வில் இருந்தார்.

முரளிதரன் டெஸ்டுக்குத் திரும்பியது 2005 ஜூலையில். ஏறத்தாழ ஓராண்டு இடைவெளிக்குப் பின் ஆடிய இரண்டாவது டெஸ்டிலேயே, சொந்த ஊரான கண்டியில் மேற்கிந்தியத் தீவுகளின் 8 விக்கெட்டுகளை 46 ரன்னுக்கு எடுத்தார். 2006-இல் 11 டெஸ்டுகளில் 90 விக்கெட் எடுத்தார். அவர் பழைய பந்துவீச்சோடே திரும்பியவர்.

மூவரில் வார்னுக்கும் கும்ப்ளேக்கும் உடல் தேறிய நாளும் ஆட்டத்திறன் திரும்பிய நாளும் ஒன்றாக இல்லை. வார்னுக்கு அந்த இடைவெளி சில மாதங்கள். கும்ப்ளேக்கு அது இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நீண்டது. ஆயினும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வார்னும் கும்ப்ளேயும் எடுத்த விக்கெட்டுகள், அதற்கு முன் எடுத்தவற்றைவிட அதிகம். தோள் காயம் கண்ட சுழற்பந்து வீச்சாளரைத் திரும்பி வந்த முதல் சில ஆட்டங்களை வைத்து மட்டும் எடைபோடக் கூடாது என்பதை இவர்களுடைய வரலாறு நிறுவுகிறது.