முயலண்ணன் காலி செய்த மலை

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் வந்தவர்களில் பலர் புளோரிடாவில் இருக்கும் டிஸ்னி வேர்ல்டையும் ஒரு நடை பார்த்திருப்பீர்கள். அங்கே மேஜிக் கிங்டம் பூங்காவில் 'ஸ்பிளாஷ் மவுண்டன்' என்றொரு சவாரி இருந்தது. அடிமரத்தைக் குடைந்து செய்தது போன்ற படகில் நம்மை உட்கார வைப்பார்கள். குகைகளுக்குள் சுமார் பத்து நிமிடம் மிதந்து போன பிறகு, ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து படகு தண்ணீருக்குள் பாயும். போட்டிருக்கும் சட்டை நனையாமல் திரும்பியவர்கள் குறைவு.

2023 ஜனவரி 22 அன்று அந்தச் சவாரி கடைசியாக ஓடியது. அந்தத் தண்ணீரை ஜாடியில் பிடித்து இணையத்தில் விற்பனைக்கு வைத்தவர்கள்கூட உண்டு. 2024 ஜூன் 28 அன்று அதே மலை 'டியானாஸ் பாயூ அட்வென்ச்சர்' என்ற புதுப் பெயரோடு திறந்தது. கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் இருந்த மூத்த சவாரியும் அதே ஆண்டு நவம்பர் 15 அன்று புதிய வேடத்தில் திறக்கப்பட்டது. கால்வாயும் வீழ்ச்சியும் பழையவைதான். மாறியது கதை மட்டும். அந்த மாற்றத்துக்காக ஒரு பக்கம் மனு, எதிர்ப்பக்கம் மனு, கண்ணீர், கோபம் எல்லாம் நடந்தன.

ஒரு விளையாட்டுச் சவாரிக்கு இத்தனை அமர்க்களமா என்று நமக்குத் தோன்றும். அந்தக் கால்வாயின் அடியில் நூறாண்டுகளுக்கும் மேலான ஒரு வழக்கு கிடக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பழைய சவாரியின் நாயகன் பிரேர் ராபிட். 'பிரதர்' என்பதன் பேச்சு வழக்குதான் 'பிரேர்'. நம் மொழியில் முயலண்ணன் என்று சொல்லலாம். அவனைத் துரத்துகிறவர்கள் நரியண்ணனும் கரடியண்ணனும். இவை அமெரிக்கத் தென் மாநிலங்களின் பண்ணைகளில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் இரவில் தங்கள் குழந்தைகளுக்குச் சொன்ன கதைகள். ஆப்பிரிக்காவிலிருந்து அவர்கள் கொண்டுவந்த கதைகள் அந்த மண்ணில் புது உருவம் பெற்றன.

அவற்றில் புகழ்பெற்ற ஒன்று தார் பொம்மைக் கதை. வழியில் நிற்கும் தார் பொம்மை வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை என்று முயல் அதை அடிக்கும். கை ஒட்டிக்கொள்ளும். மறு கை, கால்கள், தலை என்று ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்ளும். நம் ஜாதகக் கதைகளில் ஐந்து ஆயுதங்களோடு போன இளவரசன், பிசுபிசுத்த ரோமம் கொண்ட அரக்கனிடம் இப்படியேதான் ஒட்டிக்கொள்கிறான். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த ஜோசப் ஜேக்கப்ஸ் 1892-லேயே இந்த ஒற்றுமையைக் கவனித்து, இந்தக் கதையின் வேர் இந்தியாவில் இருக்கலாம் என்று வாதிட்டார்.

மாட்டிக்கொண்ட முயல் நரியிடம் என்ன சொல்கிறது? "என்னைச் சுடு, தோலை உரி, என்ன வேண்டுமானாலும் செய். அந்த முட்புதருக்குள் மட்டும் வீசிவிடாதே!" நரி உடனே முட்புதருக்குள் வீசிவிடுகிறது. முயல் பிறந்து வளர்ந்ததே முட்புதரில்தான்! உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே ஓடிப்போகிறது. கையில் ஆயுதமும் பக்கத்தில் சட்டமும் இல்லாத ஒருவனுக்கு நாக்கு ஒன்றுதான் துணை. சவுக்கை வைத்திருந்தவனின் நிலத்தில் வாழ்ந்துகொண்டு அந்த மக்கள் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள் என்பதை நினைத்தால் அதன் கனம் புரியும்.

இந்தக் கதைகளை எழுத்தில் கொண்டுவந்தவர் ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்ற வெள்ளைக்காரப் பத்திரிகையாளர். ஜார்ஜியா மாநிலத்து ஈட்டன்டன் ஊர்க்காரர். உள்நாட்டுப் போர்க் காலத்தில், சிறு வயதில், பண்ணை ஒன்றில் அச்சுக்கோர்க்கும் வேலை பழகியபோது அங்கிருந்த அடிமைகளிடம் கேட்ட கதைகள் அவை. 1880-ல் புத்தகமாக வந்தபோது, 'அங்கிள் ரீமஸ்' என்ற கற்பனைக் கிழவர் ஒரு வெள்ளைக்காரச் சிறுவனுக்குச் சொல்வதாக எழுதினார். ஹாரிஸ் எழுதியிராவிட்டால் பல கதைகள் மறைந்திருக்கும் என்பவர்கள் உண்டு. அதே ஈட்டன்டனில் பிறந்த கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர், தன் பாரம்பரியத்தில் ஒரு பங்கை ஹாரிஸ் திருடிவிட்டார் என்று எழுதினார். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது.

பிறகு வால்ட் டிஸ்னி வந்தார். 1946-ல் 'சாங் ஆஃப் தி சவுத்' படம். ரீமஸாக நடித்தவர் ஜேம்ஸ் பாஸ்கெட். முதல் காட்சி அட்லாண்டா நகரில். அங்கே அன்று நிறவெறிச் சட்டம் நடப்பில் இருந்ததால், கதாநாயகனான பாஸ்கெட்டால் தன் படத்தின் தொடக்க விழாவில் கலந்துகொள்ள முடியவில்லை. 1948 மார்ச்சில் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் விருது கொடுத்தார்கள். அதே ஜூலையில் அவர் காலமானார்.

படம் காட்டிய பண்ணையில் எல்லோரும் பாடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத் தலைவர் வால்டர் வைட், படத்தின் கலைத்திறனை ஒப்புக்கொண்டு, எஜமானுக்கும் அடிமைக்கும் இடையில் இனிய உறவு இருந்தது போன்ற பொய்த் தோற்றத்தை அது தருகிறது என்று அப்போதே கண்டித்தார். அமெரிக்கத் திரையரங்குகளில் படம் கடைசியாக ஓடியது 1986-ல். அங்கே அது வீட்டு வீடியோவாக ஒருபோதும் வெளிவரவில்லை.

ஆனால் மூன்றே ஆண்டு கழித்து, 1989 ஜூலை 17 அன்று, அதே படத்தின் விலங்குகளை வைத்து டிஸ்னிலேண்டில் ஸ்பிளாஷ் மவுண்டனைத் திறந்தார்கள். வடிவமைப்பாளர் டோனி பாக்ஸ்டருக்கு 1983-ல் போக்குவரத்து நெரிசலில் காத்திருந்தபோது வந்த யோசனை அது. பூங்காவில் கூட்டம் வராத ஒரு மூலைக்குக் கூட்டம் வர வேண்டும். 'அமெரிக்கா சிங்ஸ்' என்ற பழைய காட்சியின் இயந்திர விலங்குகளுக்கும் வேலை வேண்டும். இரண்டும் ஒரே அடியில் முடிந்தன. ரீமஸ் சவாரியில் இல்லை. தார் பொம்மைக்குப் பதில் தேன். சங்கடமானதை எடுத்துவிட்டோம் என்று நினைத்தார்கள். பார்த்தவர்களுக்கோ அது யாருடைய கதை என்பதே தெரியாமல் போயிற்று.

2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டார். ஜூன் 25 அன்று டிஸ்னி மாற்றத்தை அறிவித்தது. திட்டம் முந்தைய ஆண்டே தொடங்கியதாகச் சொன்னார்கள். புதிய நாயகி டியானா, 2009-ல் வந்த 'தி பிரின்சஸ் அண்ட் தி ஃபிராக்' படத்தின் கறுப்பின இளவரசி. 1920களின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சொந்தமாக உணவகம் வைக்கப் பாடுபடுகிறவள். அவளுக்கு முன்மாதிரி நிஜமான ஒரு சமையல்காரம்மா, லியா சேஸ். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதே குற்றமாக இருந்த காலத்தில், தன் உணவகத்தின் மாடியில் இரு தரப்பு உரிமைப் போராளிகளுக்கும் சோறு போட்டவர். 2019-ல், 96 வயதில் மறைந்தார்.

பழையதில் ஒரு முறையும் புதியதில் ஒரு முறையும் நனைந்தவன் நான். புதியதில் பொம்மைகள் அபாரம். முகம் பேசுகிறது, கண் சிமிட்டுகிறது. எங்கள் படகின் முன்வரிசையில் டியானாவைப் போலப் பச்சை கவுன் போட்ட ஒரு கறுப்பினச் சிறுமி, ஒவ்வொரு திருப்பத்திலும் டியானாவைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டே வந்தாள். அவளைப் பார்த்த பிறகு, 'பழையதையே வைத்திருக்கலாம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் ஒரு குறை நெஞ்சில் நிற்கிறது. டியானா விருந்துக்கு இசைக்குழு தேடிப் போகிறாள். வில்லன் கிடையாது, ஆபத்து கிடையாது. கடைசியில் 50 அடி விழுகிறோம், அவ்வளவுதான். பழைய சவாரியில் அந்த வீழ்ச்சிதான் முட்புதர். தண்டனை என்று எதிரி நினைத்துத் தள்ளிய இடமே தாய்வீடாக இருந்தது. விழுந்து எழுந்ததும் எல்லோரும் சிரித்ததற்குக் காரணம் தண்ணீர் மட்டும் இல்லை.

டிஸ்னியின் படத்துக்குத் தண்டனை வேண்டும் என்றால் சரி, அது நியாயம். ஆனால் அந்தப் படத்தோடு சேர்த்து முயலையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த முயல் டிஸ்னியுடையது அல்ல, ஹாரிஸுடையதும் அல்ல. பண்ணையில் ராத்திரி கதை சொன்ன, பெயர்கூடப் பதிவாகாத மனிதர்களுடையது. முதலில் அவர்கள் பெயரில்லாமல் கதையை எடுத்தார்கள். இப்போது அவர்கள் பெயரைச் சொல்லியே கதையையும் எடுத்துவிட்டார்கள். டியானாவுக்கு வேறொரு புது மலை கட்டிக் கொடுத்து, இந்த மலையில் கதை யாருடையது என்று ஒரு பலகை வைத்திருந்தால் இரண்டு கடனும் தீர்ந்திருக்கும். டோக்கியோ டிஸ்னிலேண்டில் 1992 முதல் இருக்கும் ஸ்பிளாஷ் மவுண்டன் மாறவில்லை. அங்கே முயல் இன்னும் ஓடுகிறது, தன் வரலாறு தெரியாத ஊரில்.

பேரன் பேத்திகளுக்கு முட்புதர்க் கதையைச் சொல்லுங்கள். முதலில் அதைச் சொன்னவர்கள் யார் என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள்.