முள் சொல்லும் சாட்சி



திருப்பூரில் சாயப்பட்டறை ஒன்றினுள் சென்றவர்கள், கொதிகலனின் முகப்பில் கடிகாரம் போன்ற வட்டக் கருவி ஒன்றைக் கண்டிருப்பீர்கள். அதில் ஒரே ஒரு முள். நீராவியின் அழுத்தம் இவ்வளவு என்று அது ஓயாது அறிவித்துக் கொண்டிருக்கும். பழைய மோட்டார் கார்கள் சிலவற்றில், ஓட்டுநரின் எதிரே உள்ள பலகையில் அதன் சிறிய உடன்பிறப்பைக் காணலாம். அது அறிவிப்பது எஞ்சினுக்குள் ஓடும் எண்ணெயின் அழுத்தத்தை. இச்சிறு முள்ளின் வரலாற்றையும், அதன் சாட்சியால் எங்கள் ராயபுரத்தில் ஒரு கார் பட்ட பாட்டையும் கூற விரும்புகிறேன்.

நீராவி எஞ்சின்களின் தொடக்க காலத்தில் அழுத்தத்தை அளக்கப் பாதரசத்தையே நம்பியிருந்தார்கள். வளிமண்டல அழுத்தம் ஒரு மடங்கிற்கு 760 மில்லிமீட்டர் உயரப் பாதரசம் வேண்டும். ஐந்து மடங்கு அழுத்தத்தை அளக்க வேண்டுமாயின், கண்ணாடிக் குழாய் 12 அடிக்கு மேல் உயர்ந்து நிற்க வேண்டும். ஓடும் ரயில் எஞ்சினில் அதனை எங்கே வைப்பது?

இதற்கு விடை கண்டவர் பாரிஸ் நகரத்துப் பொறியாளர் யூஜின் பூர்தோன். அவருடைய பட்டறையில் சுருளாக வளைத்த உலோகக் குழாய் ஒன்று தவறுதலாக நசுங்கிவிட்டது. அதனை நிமிர்த்தும் பொருட்டு உள்ளே அழுத்தம் செலுத்தியபோது, நசுங்கிய பகுதி உப்பியதோடு சுருளும் சற்றே விரிந்தது. திருவிழாக் கடைகளில், ஊதினால் நீளும் காகிதச் சுருள் விற்கிறார்கள் அல்லவா? ஏறத்தாழ அது போன்றதே. தட்டையான குழாயை வளைத்து, அதன் மூடிய நுனியைப் பற்சக்கரத்தால் ஒரு முள்ளோடு இணைத்துவிட்டால், அழுத்தம் ஏற ஏற முள் நகரும். 1849இல் பூர்தோன் இதற்குக் காப்புரிமை பெற்றார். உள்ளங்கை அகலக் கருவி ஒன்று 12 அடிக் குழாயின் வேலையைச் செய்தது.

மோட்டார் வண்டி வந்தபோது இக்கருவி அதிலும் இடம் பெற்றது. எஞ்சினுக்குள் சுழலும் தண்டும் அதனைத் தாங்கும் பேரிங்கும் நேரே உராய்வதில்லை. இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று தாங்கி நிற்கிறது. பம்பின் அழுத்தம் குன்றினால் அப்படலம் அறும். உலோகம் உலோகத்தைத் தின்னும். சில நிமிடங்களில் எஞ்சின் பாழாகும். ஆகவேதான் அந்த முள்ளுக்கு அத்தனை மதிப்பு.

கொங்கு நாட்டிற்கு மோட்டார் புதியதன்று. 1920இல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டார். பின்னாளில் நம் சாலைகளை ஆண்ட கார் அம்பாசடர். ஆங்கில நாட்டு மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்த இது, 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை வங்காளத்து உத்தரபாராவில் உற்பத்தியானது.

அத்தகைய பழைய பெட்ரோல் அம்பாசடர் ஒன்று எங்கள் ராயபுரத்தில் உண்டு. என்னிடம் பயின்ற ஒருவருடையது. அவர் தந்தையார் வாடகைக்கு ஓட்டிய வண்டி. இன்று திருமண ஊர்வலங்களுக்குச் சென்று, அவர் மகளின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியை ஈட்டித் தருகிறது. தந்தையார் பொருத்தியிருந்த மீட்டர் பூர்தோன் வகை. மெல்லிய செப்புக் குழாய் வழியே எஞ்சின் எண்ணெயே மீட்டர் வரை வரும். அதிர்ச்சியில் அக்குழாய் வெடித்து, சூடான எண்ணெய் காலில் சொட்டலாயிற்று. ஆதலால் அதனை நீக்கி மின்சார மீட்டர் வைத்தார்கள். இதில் எண்ணெய் எஞ்சினோடு நின்றுவிடும். அங்கே திருகிய சென்சார் அழுத்தத்திற்கேற்பத் தன் மின்தடையை மாற்றும்; ஒரு கம்பி அச்செய்தியை மீட்டருக்குக் கொண்டு செல்லும்.

மாற்றிய மறுநாளே அவர் வந்தார். "ஐயா, வேகம் எடுத்தால் முள் இறங்குதுங்க. எஞ்சினையே பிரிக்க வேண்டும் என்கிறார்கள்," என்றார். பிரித்தால் கட்டணப் பணம் முழுவதும் போய்விடும். பிரிக்காமல் ஓட்டினால், முள் சொன்னது மெய்யாயின் எஞ்சினே போய்விடும்.

வரலாற்று மாணவன் ஒரே சான்றை வைத்துத் தீர்ப்புக் கூறமாட்டான். தொடர்பற்ற மற்றொரு சான்றைத் தேடுவான். அதுவரை வண்டியை ஓட்ட வேண்டாம் என்றேன். பழைய பூர்தோன் மீட்டர் ஒன்றை ரப்பர்க் குழாயால் எஞ்சினில் நேரே இணைத்துப் பார்த்தோம். சூடேறிய எஞ்சின் மெதுவாக ஓடுகையில் சதுர அங்குலத்திற்கு 20 பவுண்டு, வேகத்தில் 50. எஞ்சின் குற்றமற்றது.

அப்படியானால் பொய் சொன்னது யார்? புதிய மீட்டரின் கம்பியைக் கழற்றினோம். முள் சுழியில் நின்றது. கம்பியை எஞ்சின் உடம்பில் தொட்டோம். முழு அளவிற்குச் சென்றது. மீட்டர் நலமே. சென்சாரின் மின்தடையை அளந்தோம். எஞ்சின் நின்றபோது 10 ஓம். ஓடும்போது அழுத்தத்தோடு சீராக ஏறியது. அதுவும் நலமே. ஆனால் மீட்டரோடு வந்த தாளில், அழுத்தம் இல்லாதபோது 240 ஓம், முழு அழுத்தத்தில் 33 ஓம் என்றிருந்தது. முன்னது ஐரோப்பிய வழக்கு. பின்னது அமெரிக்க வழக்கு. ஒன்றில் அழுத்தம் ஏறினால் தடை ஏறும், மற்றதில் இறங்கும். இருவரும் மெய்யரே; பேசிய மொழிதான் வேறு. மீட்டருக்கு ஏற்ற சென்சாரை வாங்கி வைத்ததும் முள் நேர்வழிப்பட்டது. எஞ்சின் பிரிக்கப்படவில்லை.

இத்தகைய முரண் புதியதன்று. 1841இல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தின் திருகு மரைகளுக்கு 55 பாகைக் கோணத்தை வகுத்தார். 1864இல் வில்லியம் செல்லர்ஸ் அமெரிக்காவிற்கு 60 பாகையை முன்மொழிந்தார். அதன் விளைவை இன்றும் காணலாம். அரைக்கால் அங்குலக் குழாய் மரை ஆங்கில முறையில் அங்குலத்திற்கு 28. அமெரிக்க முறையில் 27. ஒன்றில் மற்றொன்றைத் திருகினால் முதலில் ஏறும். பிறகு இறுகிக் கசியும். கசிவை அடைக்க டெஃப்ளான் டேப்பை மிகுதியாகச் சுற்றினாலோ, மரை வழியே எஞ்சினுக்குச் செல்ல வேண்டிய மின்னோட்டம் தடைப்பட்டு, முள் மீண்டும் பிறழும். இரு நாட்டார் 19ஆம் நூற்றாண்டில் எடுத்த முடிவுகள், 21ஆம் நூற்றாண்டில் திருப்பூரில் ஒரு பட்டறைக்காரரின் கையைப் பிடித்து நிறுத்துகின்றன!

ஒன்றை மறவாதீர்கள். முள் எப்போதும் பிறழும் என்று நான் கூறவில்லை. அழுத்தம் குன்றியதாக அது காட்டினால், முதற்கடமை எஞ்சினை நிறுத்துவது. இரண்டாவது கடமை, அச்செய்தி எவ்வழியே நம்மிடம் வந்தது என்று விசாரிப்பது. இவ்விரண்டையும் செய்த பின்னரே தீர்ப்பு.

உங்களுள் பலர் நாளை பின்னலாடை ஆலைகளிலும் சாயப்பட்டறைகளிலும் கருவிகளின் முன் நிற்பீர்கள். முள்ளுக்குப் பதிலாகத் திரையில் எண்கள் ஒளிரும். அந்த எண்ணை நம்புமுன் அதன் குலம் கோத்திரம் விசாரியுங்கள்: அளந்தது எது, எடுத்துச் சொன்னது எது, இரண்டும் ஒரே மொழி பேசுகின்றனவா? இப்படிக் கேட்கப் பழகியவர், பழைய சாசனத்தைப் படித்தாலும் புதிய இயந்திரத்தைப் பழுது பார்த்தாலும், அவசரத் தீர்ப்பால் ஒருவருக்கு இழப்பை உண்டாக்க மாட்டார்.