மொரீஷியஸ்: இந்தியா, சீனா, பிரிட்டனோடு பேரம் பேசும் குட்டித் தீவு – எப்படி?

செம்பூரிலிருந்தோ மாட்டுங்காவிலிருந்தோ தினமும் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸுக்கு வேலைக்குப் போகிறவரா நீங்கள்? ஃபண்ட், வங்கி, ஆடிட் என எந்தத் துறையாக இருந்தாலும் 'மொரீஷியஸ் ரூட்' என்ற பேச்சு ஒருமுறையாவது காதில் விழுந்திருக்கும்.

ரூபாய் நோட்டில் தமிழையும் அச்சிடும் நாடு அது. மக்கள்தொகை சுமார் 12.6 லட்சம். தாராவியில் மட்டுமே 10 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று சொல்லும் மதிப்பீடுகள் உண்டு. இவ்வளவு சின்ன நாடு இந்தியாவுக்கான மிகப் பெரிய முதலீட்டு வாசலானது எப்படி? அமெரிக்கப் படைத்தளம் இருக்கும் ஒரு தீவுக்காக பிரிட்டனையே இறங்கிவர வைத்தது எப்படி?

'மொரீஷியஸ் ரூட்' என்றால் என்ன?

ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி கட்ட வேண்டாம் என்பதற்காக, 1982-ல் இந்தியாவும் மொரீஷியஸும் ஓர் ஒப்பந்தம் போட்டன. அதில் ஒரு விதி: மொரீஷியஸ் நிறுவனம் இந்தியப் பங்குகளை விற்று லாபம் பார்த்தால், அதற்கு வரி போடும் உரிமை மொரீஷியஸுக்கு மட்டுமே. அங்கேயோ மூலதன ஆதாய வரியே கிடையாது. ஆக, இங்கேயும் வரி இல்லை, அங்கேயும் இல்லை!

1992-ல் இந்தியப் பங்குச் சந்தை அந்நிய நிறுவன முதலீட்டாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டதும், பல நாட்டுப் பணம் போர்ட் லூயிஸ் முகவரியோடு மும்பைக்கு வரத் தொடங்கியது. 2000 ஏப்ரலிலிருந்து 2025 மார்ச் வரை இந்தியாவுக்குள் வந்த அந்நிய நேரடி முதலீட்டில் சுமார் 25% மொரீஷியஸ் வழியாக வந்ததுதான். சிங்கப்பூரே இரண்டாம் இடம். இந்தியர்களின் பணமே வெளியே போய்ச் சுற்றி வருகிறது என்ற புகாரும் கூடவே இருந்தது. ஆனாலும் இந்த ஒப்பந்தச் சலுகை செல்லும் என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பெரியவர் விதியை மாற்றினால்?

2016 மே 10-ல் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கும் பங்குகளை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு இந்தியா வரி போடலாம் என்றானது. மொரீஷியஸ் முழுசாக விட்டுக்கொடுக்கவில்லை. பழைய முதலீடுகளுக்கு விலக்கு வாங்கியது. 2019 மார்ச் வரை பாதி வரிதான் என்ற அவகாசமும் கிடைத்தது.

அதே ஆண்டில் இந்தியா 35.3 கோடி டாலர் சிறப்பு உதவியும் அறிவித்தது. மெட்ரோ எக்ஸ்பிரஸ் ரயில் திட்டத்துக்கு அதிலிருந்து பணம் போனது. அதைக் கட்டியது மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட எல் அண்ட் டி. ஒன்றை இழந்ததற்கு இன்னொன்று விலை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பெரிய நாட்டோடு கணக்கை ஒரே ஒப்பந்தத்தில் முடித்துக்கொள்ளாமல், பல துறைகளில் திறந்தே வைத்திருப்பது இந்தத் தீவின் வழக்கம்.

அப்போ இந்தியா பக்கம்தானா?

அப்படியும் இல்லை. தேதிகளைப் பாருங்கள். சீனாவுடனான தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் 2021 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. ஆப்பிரிக்க நாடு ஒன்றோடு சீனா போட்ட முதல் ஒப்பந்தம் அது. மூன்றே மாதத்தில், ஏப்ரல் 1-ல், இந்தியாவுடனான வர்த்தக ஒப்பந்தம். ஆப்பிரிக்காவில் இந்தியாவுக்கும் அதுவே முதல்!

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் சாய்வு இந்தியா பக்கம். மொரீஷியஸுக்குத் தனி ராணுவம் கிடையாது. வடக்கே சுமார் 1,100 கி.மீ. தள்ளியிருக்கும் அகலேகா தீவில் இந்தியா கட்டிய விமான ஓடுதளமும் படகுத்துறையும் 2024 பிப்ரவரி 29-ல் திறக்கப்பட்டன. அது ராணுவத் தளம் இல்லை என்று மொரீஷியஸ் அரசு சொல்கிறது. அங்கே வாழும் சுமார் 300 பேருக்கு அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.

சாகோஸ்: படை இல்லாமல் ஒரு சண்டை

மொரீஷியஸ் 1968 மார்ச் 12-ல் சுதந்திரம் பெற்றது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே சாகோஸ் தீவுகளை பிரிட்டன் தனியே பிரித்துக்கொண்டது. அங்கே டியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் வந்தது. குடியிருந்தவர்கள் 1973-க்குள் வெளியேற்றப்பட்டார்கள்.

படை இல்லாத நாடு நீதிமன்றத்துக்குப் போனது. பிரித்தது சட்டப்படி சரியில்லை என்று 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அது யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த மே மாதமே ஐ.நா. பொதுச் சபையில் 116 நாடுகள் மொரீஷியஸ் பக்கம் நின்றன, இந்தியாவும் சேர்த்து. எதிர்த்தவை வெறும் 6.

2025 மே 22-ல் பிரிட்டன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. அதன்படி இறையாண்மை மொரீஷியஸுக்கு. டியேகோ கார்சியா 99 ஆண்டுகளுக்கு பிரிட்டன் வசம், ஆண்டுக்குச் சராசரியாக 10.1 கோடி பவுண்டு கட்டணத்தில். அமலுக்கு வர இரு நாடுகளும் முறைப்படி அங்கீகரிக்க வேண்டும்.

இதில் ஜெயித்தது யார்?

கையில் இருப்பதை, அதாவது இடம், கடல், வரிச் சட்டம், ஐ.நா. ஓட்டு ஆகியவற்றை, ஒவ்வொன்றாக, வேறு வேறு ஆட்களிடம் பேரம் பேசியதுதான் மொரீஷியஸின் வெற்றி. எல்லாவற்றையும் ஒருவரிடமே கொடுத்திருந்தால் பேச்சு அன்றே முடிந்திருக்கும்.

ஆனால் சாகோஸ் மக்கள் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே இல்லை. மற்ற தீவுகளில் அவர்களைக் குடியமர்த்தலாம். டியேகோ கார்சியாவில் முடியாது. நிலம் யாருக்கு என்று பெரியவர்கள் பேசும்போது, அங்கே வாழ்ந்தவர்களை யார் கேட்டார்கள்? தாராவியில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. பெரிய நாடுகளிடம் இதே கேள்வியைக் கேட்டு வென்ற மொரீஷியஸ், சாகோஸ் மக்களுக்கும் அகலேகா மக்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.