தோட்டத்து ஓடையில் மின்சாரம்: யாரைக் கேட்கவேண்டும்?

தெரணியகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்துக்கு மேலாக ஒரு பெரிய இரும்புக் குழாய் இறங்குகிறது. கீழே சிறு நீர்மின் நிலையம். "எங்க ஓடைத் தண்ணிதான். எங்கள யாரும் கேக்கல்ல" என்றார் கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர். சட்டம் யாரைக் கேட்கச் சொல்கிறது என்று தேடினேன்.

காணி: 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டன. பொதுவாக 53 ஆண்டுக் குத்தகை, 2045இல் முடியும். கம்பனி குத்தகைக்காரர் மட்டுமே, உரிமையாளர் அரசு.

ஓடை: புதுப்பிக்கத்தக்க வலு வளங்களும் அரசுக்கே உரியவை என்கிறது 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபைச் சட்டம். தேசிய மின்கட்டமைப்புக்கு மின்சாரம் வழங்கும் திட்டத்துக்கு அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதன் காலம் 20 ஆண்டுகள்.

சூழல்: 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் 1993இல் வந்த பட்டியலில் 50 மெகாவாற்றைத் தாண்டும் நீர்மின் நிலையங்களே இடம்பெற்றுள்ளன. சிறு நிலையங்கள் கொள்ளளவைக் கொண்டு இதில் சிக்குவதில்லை. ஆனால் 1 ஹெக்டேயருக்கு மேல் காடு மாற்றப்பட்டால் அனுமதி அவசியம். முழுமையான தாக்க மதிப்பீடு தேவைப்பட்டால், தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவித்து, பொதுமக்களுக்குக் கருத்துச் சொல்ல 30 நாள் கொடுக்கவேண்டும்.

இந்த வரிசையில் லயத்து மக்கள் எங்கே? பெரும்பாலானோரிடம் காணி உறுதி இல்லை. அதனால் தலைமுறைகளாக வாழ்ந்தும் 'உரிமையாளர்' என்ற கணக்கில் அவர்கள் வருவதில்லை. 2025இல் மன்னார் மக்கள் காற்றாலைகளுக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். இங்கே அப்படி நிற்கச் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லை. 1977இலும் 1981இலும் இரத்தினபுரித் தோட்டங்களில் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களுக்கு, உறுதியில்லாத வாழ்வு எத்தகையது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் ஒரு வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்துக்குக் காணி உறுதி தேவையில்லை. பிரஜையாக இருந்தால் போதும். அனுமதிப்பத்திரம், காணிக்கான ஒப்பந்தம், சுற்றாடல் அங்கீகாரம் ஆகிய மூன்றின் பிரதிகளையும் உரிய அரச நிறுவனங்களிடம் தமிழிலேயே கேளுங்கள். கொடுப்பதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்யவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

அந்த அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அதுவும் தடையல்ல. வாயால் கேட்டாலும் போதும். அதை எழுத்தில் பதிவது தகவல் அலுவலரின் கடமை.