நாள் பார்ப்பதும் நாளை அறிவதும்

வெள்ளவத்தை காலி வீதிக் கடைகளில் இன்று டாரட் சீட்டும் ஊக்கத்துக்கான துணை என்று பேசப்படுகிறது. அது 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வெறும் விளையாட்டுச் சீட்டு. குறி சொல்லும் வேலை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில்தான் அதன் தலையில் ஏறியது. நம் சோதிடம் இதற்கு நேர் எதிர்வழியில் வந்தது. தம்பதெனிய அரசவையில் 1310இல் அரங்கேறிய போசராச பண்டிதரின் சரசோதிமாலை உழவு, பயணம், வீடு கட்டல் ஆகியவற்றுக்கு நாள் குறிக்கும் நூல். நாள் குறித்தபின் தள்ளிப்போட முடியாது. விசயதசமியில் கொட்டாஞ்சேனைக் கோயில்களில் ஏடு தொடக்குவதும், சித்திரையில் கைவிசேட நேரம் பார்ப்பதும் அந்த மரபே. மனத்தை ஒரு புள்ளியில் நிறுத்துவதே அவற்றின் பயன் என்பேன்.

கோள்கள் பொய்த்தால் பயனும் பொய்தானே என்று கேட்கலாம். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் வருடம் பிறக்கும் நேரத்திலேயே முரண்படுகின்றன. பத்திரிகைகள் இரண்டையும் அச்சிடுகின்றன. ஆனாலும் எந்த வீட்டிலும் புத்தாண்டு நின்றுபோகவில்லை (சண்டை மட்டும் உண்டு). தொடங்குவதற்கு ஒரு நேரம் போதும், அது வானில் மெய்யாக இருக்க வேண்டியதில்லை. முடிவையும் சோதிடத்திடமே கேட்கும்போதுதான் ஆபத்து. பதவிக்காலம் ஏறக்குறைய இரண்டு ஆண்டு மிஞ்சியிருக்க, சோதிடர் சொற்கேட்டு அன்றைய இலங்கைச் சனாதிபதி மகிந்த ராஜபக்ச முன்கூட்டியே தேர்தல் வைத்தார். 2015 சனவரி 8ஆம் திகதி நடந்த அந்தத் தேர்தலில் தோற்றார்.